உயிரோடு இருப்பதற்கு ஒரு கையெழுத்து

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இன்னும் முடியாத பேப்பர் வேலை ஒன்றுக்காக இன்று கிராம சேவகரைப் பார்க்கப் போனேன்.

எனக்கு முன்னால் குசுமா அக்கா. டவுன் பக்கம் இருக்கும் சிங்கள அக்கா. அவருடைய புருசன் ஆமியில் சேர்ந்து சண்டையில் கால் போய் வந்தவர். இப்போது ஒரு வழக்கில் சிறையில் இருக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று வருசா வருசம் கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்சன் நின்றுவிடும்.

“ஆளக் கூட்டிட்டு வாங்க. நேர்ல பாக்காம போட மாட்டேன்” என்றார் கிராம சேவகர்.

“மறியல்ல இருக்கவர எப்படி மாத்தயா கூட்டிட்டு வர்றது?” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வாயைத் திறந்துவிட்டேன். “மாத்தயா, எங்க வீட்டுக்காரர் செத்ததுக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப அவர நேர்ல வரச் சொல்லலையே!”

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். சிறைச்சாலையின் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டாலே போதுமாம்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கே போறேன் தங்கச்சி. நீ கேட்டதச் சொன்னா அவரு விழுந்து விழுந்து சிரிப்பாரு.”

இந்த மாதிரி ஏதாவது நடந்தால் நானும் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம்தான் சொல்வேன். இன்றைக்கும் லயத்து வீட்டுக் கதவைத் திறக்கும்போதே “ஏங்க” என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது சிரிப்பு வந்தால் கீழே ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போங்கள்.