ராசி பார்க்கக் கொடுத்த மோதிரம்

அந்த வைர மோதிரத்தை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு, செவ்வரத்தம்பூ, திருநீற்றுத் தட்டு, இவற்றுக்கு நடுவில் எங்கள் ரீச்சரின் மோதிரம். முப்பது ஆண்டுகளாகிவிட்டன. அந்த முடிச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரீச்சர் என்று நான் சொல்வது, நல்லூரில் நான் முதன்முதலாகப் படிப்பிக்கப் போன பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவரை. எனக்குப் பக்கத்து வீடு. வயதில் என்னைவிட மிகவும் மூத்தவர் என்றாலும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் இருவரும் சோடியாகத்தான் போய் வருவோம். அவருடைய கணவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சண்டையில் அது மூடப்பட்ட பிறகு வீட்டோடு இருந்தார். பகிடி விடாமல் இரண்டு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். அவருக்கு நெஞ்சுநோ வந்தது. இருதயத்தில் அடைப்பு, கொழும்பில்தான் ஒப்பரேசன் செய்யலாம், பிந்த விடாதீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோயாளிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் பெயரும் பதிந்தாயிற்று. கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டுவதற்குக் காசுதான் இல்லை. மற்ற நகைகளெல்லாம் அதற்கு முன்பே சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போய்விட்டன. மிஞ்சியிருந்தது, கலியாணத்தன்று கணவர் போட்டுவிட்ட அந்த ஒற்றைக்கல் மோதிரம். சவர்க்காரம் கிடையாத காலம். தேங்காயெண்ணெய் பூசித்தான் அதை விரலிலிருந்து கழற்றினார்.

எங்கள் பக்கத்தில் மரியாதையான வீட்டுப் பெண் நகை விற்பதில்லை. விற்பாள், விற்கிறேன் என்று சொல்லமாட்டாள். மாற்றப் போகிறோம், மகளுக்குத் தோடு செய்யப் போகிறோம் என்பாள். கலியாண வயதில் பெண் இருக்கிற வீடு நகை விற்கிறது என்று கதை கிளம்பினால், வருகிற சம்பந்தமும் வாசலோடு திரும்பிவிடும். ரீச்சருக்கும் ஒரு மகள் இருந்தாள். ஆகவே யாழ்ப்பாணம் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்குப் போய், மகளுக்கு மூக்குத்தி செய்ய யோசிக்கிறோம், இந்தக் கல்லின் மதிப்பு என்ன என்று கேட்டோம். கடைக்காரர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அருமையான கல்லு ரீச்சர். ஒரு பழுதில்லை. இதைக் கழட்டி வேறை ஒண்டும் செய்யாதேங்கோ,” என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார். ரீச்சரின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பைக் கண்டேன்.

கடையில் விற்றால் ஊர் அறியும் என்பதால் ஆளோடு ஆளாகத்தான் கொடுக்க வேண்டும். சுன்னாகத்தில் ஒரு வெங்காய முதலாளியின் மனைவி வைரம் தேடுவதாகக் கேள்விப்பட்டோம். பொருள்களுக்குத் தட்டுப்பாடான காலத்தில் நாங்கள் மெலிந்தோம், சில வீடுகள் கொழுத்தன. வவுனியாவிலிருந்து சவர்க்காரமும் பற்றரியும் கொண்டுவந்து விற்ற வீடு அது. முதலாளியம்மா மோதிரத்தைப் போட்டுப் பார்த்தார். கையை நீட்டி அழகு பார்த்தார். கேட்ட விலைக்கும் சம்மதித்தார். பிறகுதான் சொன்னார்.

“ரீச்சர், குறை நினையாதேங்கோ. வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது. மூண்டு நாள் வீட்டிலை வைச்சு ராசி பாத்திட்டுக் காசைத் தாறன்.”

இது அந்த அம்மா புதிதாகக் கண்டுபிடித்த வழக்கமல்ல. வைரம் வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். மறுத்தால் கல்லில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். கப்பலுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. ரீச்சர் தலையாட்டினார். அப்போதுதான் அந்த மஞ்சள் துணி வந்தது.

அடுத்த நாள் பொம்மர் வந்து சுன்னாகத்தில் குண்டு போட்டது. முதலாளி வீட்டு மதில் ஒரு பக்கம் சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ராசி பார்த்த தவணை முடிய நாங்கள் காசுக்குப் போனபோது முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“உந்தக் கல்லு வந்து மற்ற நாளே எங்கடை மதில் போச்சு. இன்னும் ஒரு கிழமை பாப்பம்.”

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “மோதிரம் சொல்லியே பொம்மர் வந்தது?” என்று கேட்டேன். வலிகாமம் முழுவதும் குண்டு விழுந்துகொண்டிருந்த நாள்கள் அவை. இந்த அம்மாவின் நியாயப்படி பார்த்தால் குடாநாட்டில் ஆளுக்கொரு தோஷக்கல் விரலில் இருந்திருக்க வேண்டும். விரலில் குன்றிமணிப் பொன்கூட இல்லாத ஏழைகளின் கூரையில் விழுந்த குண்டுக்கு எந்த வைரம் பொறுப்பு? ரீச்சர் என் கையைப் பிடித்து அமுக்கினார். காசு தேவைப்பட்டவர் அவர். அந்தக் கிழமை கப்பல் அவர்கள் இல்லாமலே போனது.

அடுத்த முறை போனபோது கதை இன்னும் வளர்ந்திருந்தது. கல்லின் உள்ளே கரும்புள்ளி இருக்கிறதாம், கடையில் காட்டிக் கேட்டாராம். எந்தக் கடை என்று விசாரித்தோம். அதே கடை! நேரே அங்கே போனோம். நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பழுதில்லை என்ற உங்கள் வாய்தானே இப்போது புள்ளி என்கிறது என்று கேட்டேன். அந்த மனிதருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரவேண்டுமே!

“தங்கச்சி, வைச்சிருக்கிற கல்லு வேறை, விக்க வந்த கல்லு வேறை,” என்றார் அவசரமில்லாமல், ஆறுதலாக. “அவை என்ரை வாடிக்கை. நான் என்ன செய்யிறது?”

அதற்குள் ராசியில்லாத கல் என்ற கதை சுன்னாகத்திலிருந்து நல்லூர்வரை வந்துவிட்டது. எதற்காக மறைவாக விற்க நினைத்தோமோ அதுவும் நாறிப்போனது. இனி வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். ரீச்சர் முதலாளியம்மாவிடம் போய், பவுனின் விலையை மட்டும் தாருங்கள், கல்லுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். முதலாளியம்மா உடனே சம்மதித்தார். ஆனால் முதலாளி வவுனியாவிலிருந்து வரட்டும், அவர் கையால்தான் காசு தரவேண்டும் என்றார். முதலாளி வர முந்தி, ஒரு காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன ரீச்சரின் கணவர் அங்கேயே சரிந்து விழுந்து இறந்துபோனார்.

செத்தவீட்டுக்கு முதலாளியம்மா வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. “நான் அப்பவே சொன்னனான், அந்தக் கல்லு ராசியில்லையெண்டு,” என்று பக்கத்திலிருந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் ஓம், ஓம் என்றார்கள். அந்த ஓம் போட்டவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இப்போது நான் இருக்கும் நாட்டில் கல்லோடு சான்றிதழும் தருகிறார்கள். நிறம், எடை, புள்ளி எல்லாம் அச்சடித்திருக்கும். சென்ற வருடம் என் மகளுக்கு மோதிரம் வாங்கினோம். பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “எதுக்கும் மூண்டு நாள் வைச்சுப் பாத்திட்டுப் போடுங்கோ,” என்றார். நான் பேசிய பேச்சில் மகள் வெட்கப்பட்டுக் கடைக்கு வெளியே போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

ரீச்சரின் கணவருக்கு முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் முதலாளியம்மா ரீச்சர் வீட்டுக்கு வந்தார். துணி முடிச்சையும் ஒரு காசுக் கட்டையும் மேசையில் வைத்தார்.

“ரீச்சர், ஒரு உயிரைக் கொண்டுபோனால் கல்லின்ரை தோஷம் கழிஞ்சுபோமாம். சாத்திரியார் சொன்னவர். இனிப் பயமில்லை. நீங்கள் முதல் கேட்ட விலையையே தாறன்.”

ரீச்சர் முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை எடுத்தார். மெலிந்துபோயிருந்த அவர் விரலில் அது இப்போது எண்ணெய் இல்லாமலே ஏறியது. காசுக் கட்டை வந்தவரின் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு, வகுப்பில் கணக்குக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“இந்தக் கல்லு இவ்வளவு நாளும் ஆரின்ரை வீட்டிலை இருந்தது?”

“எங்கடை வீட்டிலை.”

“அப்ப, சாவு ஏன் என்ரை வீட்டிலை விழுந்தது?”

முதலாளியம்மா காசை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.