வீட்டை போற ஆக்கள் எல்லாம் ஏறுங்கோ!

போன வருடம், அச்சுவேலிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டத் திடலில் நடந்தது இது. அண்ணா மாதக்கணக்கில் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்த நேரம்.

அண்ணா நல்ல விளையாட்டுக்காரர். முழங்காலில் அடிபட்டபோது நோவுக்கு டொக்டர் கொடுத்த குளிசையை, நோ மாறிய பிறகும் அவரால் விட முடியவில்லை. பிறகு வெளியில் யாரிடமோ வாங்கினார். அது கிடைக்காத நாளில் தூள். எங்கள் பக்கத்தில் ஹெரோயினுக்கு அதுதான் பெயர். அந்தக் காலத்தை எல்லாம் சொல்லி உங்களையும் அழவைக்க விருப்பமில்லை. சிகிச்சைக்கு அவரே சம்மதித்துப் போனார், தேறி வந்தார். அது போதும்.

ஆனால் வந்தவரை எப்படி வைத்திருப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவும் நானும் படலையைப் பூட்டி வைத்தோம். அவர் குளிக்கப் போனாலும் கிணற்றடியை எட்டிப் பார்த்தோம். அண்ணா வாழைகளுக்குத் தண்ணீர் விட்டபடியே இருப்பார். அவர் விட்ட தண்ணீருக்கு அந்த வாழைகள் அழுகாமல் தப்பியது பெரிய காரியம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஊர்க் கரப்பந்தாட்ட அணியின் தலைவர் படலையடியில் வந்து நின்றார். அண்ணாவோடு ஒன்றாகப் படித்தவர். மினிபஸ்ஸில் நடத்துநர். மெல்லக் கதைத்தாலே அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும்.

"மச்சான், ஒரு ஆள் குறையுது. வாறியோ?"

அம்மா வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அண்ணாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நானும் கூடப் போகிறேன் என்று சொல்லி அம்மாவைச் சமாளித்தேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. அண்ணாவுக்கு மூச்சு வாங்கியது. அடித்த முதல் பந்து பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குள் போனது. அடுத்ததும் அங்கேதான். "தம்பி, வெங்காயம் கிண்டிற எண்ணமோ?" என்று தோட்டக்காரர் கத்த, திடலே சிரித்தது. அண்ணாவும் சிரித்தார். அவர் சிரித்துக் கண்டு எவ்வளவு காலம்! நாங்கள் தோற்றோம். நான் மட்டும் வென்ற மாதிரிக் கை தட்டினேன்.

முடிந்து சைக்கிளை எடுக்கப் போனோம். வீதியோரம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். முந்தி அண்ணாவுக்குத் தூள் கொண்டுவந்து கொடுத்தவர்கள். ஒருவன் சிரித்தபடி, வா என்று தலையை ஆட்டினான். அண்ணா அப்படியே நின்றார். அவரை இழுத்துக்கொண்டு ஓடுவதா, கத்துவதா என்று தெரியாமல் நான் நிற்க, அண்ணா திடல் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"டேய், என்னைத் தனிய விடாதேங்கோடா. வீட்டை கொண்டுபோய் விடுங்கோ."

எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் தன்னுடைய பஸ் குரலை எடுத்தார்.

"வீட்டை போற ஆக்கள் எல்லாம் ஏறுங்கோ, ஏறுங்கோ! உள்ளுக்கு இடம் கிடக்கு!"

சிரிப்பும் ஹோர்ன் சத்தமுமாகச் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் எங்களைச் சூழ்ந்துகொண்டன. வென்ற எதிரணிக்காரர்கூடச் சேர்ந்துகொண்டார்கள். அந்த இருவரும் எப்போது போனார்கள் என்று நான் கவனிக்கவே இல்லை. கல்யாண ஊர்வலம் மாதிரி வந்த எங்களைக் கண்டு அம்மா பயந்துபோய் ஓடிவந்தார். விஷயம் அறிந்ததும் அழுதழுதே தேத்தண்ணி போட்டார். கோப்பை போதாமல் கிண்ணத்திலும் செம்பிலும் குடித்தார்கள். சீனி முடிந்து பனங்கட்டிக்கு வந்தோம்.

அண்ணா இப்போதும் கிளினிக்குக்குப் போகிறார். சில நாட்கள் கஷ்டம்தான். அப்படியான நாட்களில் யாருக்காவது போன் எடுத்துச் சொல்லிவிடுவார். போன மாதம் அதே பழக்கத்தில் சிக்கிய பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைத் தானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உதவி வேண்டும் என்று நாலு பேர் முன்னால் கேட்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அன்று என் அண்ணாவிடம் கண்டேன். எனக்கு ஒரு கஷ்டம் வந்து வாய் மூடிக் கிடக்கும்போதெல்லாம், எழும்பிப் போய் யாரிடமாவது சொல்லு என்று என்னைத் தள்ளுவது அந்தப் பின்னேரம்தான்.