நம்பி உட்காரலாம்

அந்த நாற்காலியை விற்றவள் நான்தான். கீழ்வீட்டுப் பெரியவர் விழுந்ததற்குக் காரணமும் நான்தான். அவரிடம் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்… நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல வாய் வருகிறது.

என் தொழில் டிராப்ஷிப்பிங். இணையத்தில் எனக்கொரு கடை உண்டு. கிடங்கு கிடையாது, சரக்கு கிடையாது. நீங்கள் என் கடையில் ஒரு பொருளைக் கேட்டால், அதை வடக்கே உள்ள ஒரு மொத்த வியாபாரிக்குத் தட்டிவிடுவேன். அவர் என் கடைப் பெயரை ஒட்டி நேரே உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நடுவில் நிற்கும் நான் பொருளைத் தொடுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே… அந்தக் கை என்னுடையது!

தொழிலைக் குறை சொல்ல மாட்டேன். இதையே நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஒன்றைத் தங்களுக்கே வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்பார்கள். நான் அதைச் செய்யவில்லை. சோம்பல்… பேராசை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான குளியல் நாற்காலி ஒன்றின் படத்தைப் போட்டு, அதன் கீழே நானே எழுதினேன்: "எங்கள் வீட்டில் நாங்களே பயன்படுத்திப் பார்த்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் நம்பி உட்காரலாம்."

எங்கள் வீட்டில்! அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடிப் பகுதியில் தனியே குடியிருப்பவள் நான்.

கீழே வீட்டுக்காரர்கள். பெரியவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிப்பாய் என்பதைப் பிரெஞ்சில் சொல்வதுபோல், தெருவே அவரைச் சொல்தா என்றுதான் அழைக்கும். மனைவி மதலேன் அம்மா. ஒரே மகள் பிரான்சில். ஆண்டுதோறும் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்கு அன்று கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவிடத்துக்குப் போவார். மற்ற பழைய படைவீரர்களோடு நிமிர்ந்து நின்று சல்யூட் வைப்பார். முழங்காலில் அறுவை நடந்த பிறகும் அவருக்கு அதே நினைப்புத்தான். இந்த வருடமும் அங்கே நின்றுவிட வேண்டும்… வேறு ஆசையே இல்லை அவருக்கு.

அப்பா வழுக்கி விழாமல் குளிக்கட்டும் என்று மகள் அங்கிருந்தபடியே ஒரு குளியல் நாற்காலி வாங்கினாள். என் கடையில்! கடை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முகவரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே இறங்கிப் போய், "இது வேண்டாம்மா, ஆஸ்பத்திரி பக்கத்துக் கடையில உக்காந்து பாத்து வாங்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? வழக்கம்போல் தட்டிவிட்டேன். ஒன்று விற்றதே என்ற மகிழ்ச்சி வேறு… சீ!

நாற்காலி வந்த மறுவாரம், காலையில் கீழே பெரிய சத்தம். ஓடினேன். குளியலறையில் அவர் விழுந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு கால் மடங்கிய நாற்காலி. நான் விற்ற பொருளை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இடுப்பெலும்பில் விரிசல் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, மதலேன் அம்மா கைபேசியோடு மாடியேறி வந்தார். "வனிதா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். அந்தக் கடக்காரனுக்கு நாலு வார்த்த எழுதி அனுப்பு. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி எழுது!"

எழுதினேன்… நன்றாகவே எழுதினேன். அவர் இறங்கிப் போனதும் அந்தப் புகார் என் மடிக்கணினிக்கு வந்து நின்றது. அதற்குப் பதிலும் நானே எழுதினேன்: "பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது. ஈரத் தரையில் கவனமாகக் கையாளவும்." குளியலறைத் தரை ஈரமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? மனிதப் பிறவிதானா நான்?

மறுபடி வந்தார். "பாத்தியா, கைய கழுவிட்டான்! கட்டையில போறவன்… அவன் ஊட்ல பெரியவங்களே இல்லியா?"

"இல்லம்மா" என்றேன். நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ஜூலை பதினான்கு வந்தது. போயே ஆக வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். ஊதுகுழல் முழங்கியதும், என் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்! மதலேன் அம்மா பதறிப்போனார். "உக்காருங்க! என்னா வீம்பு இது?"

"சும்மா இரு மதலேன். இந்தப் பொண்ண நம்பித்தான் எழுந்திருக்கறேன்."

அவருடைய பாரம் முழுவதும் என் தோளில் இறங்கியது. வலக்கை நெற்றியை நோக்கி உயர்ந்தது… பாதியிலேயே நடுங்கி விழுந்தது. ஊதுகுழல் ஓய்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க, அவர் மட்டும் தலை குனிந்து அழுதார்.

திரும்பும் வழியில் மதலேன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த பொண்ணுகூட இப்பிடிப் பாத்துக்க மாட்டா." அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

நாற்காலியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால் என்ன? எத்தனை முறை கீழே போயிருப்பேன், சொல்லிவிடலாம் என்று… காபி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் காலையில் கட்டிலிலிருந்து இறங்க அவருக்கு என் தோள் வேண்டும். நாளையும் குரல் கொடுப்பார்: "வனிதா, கொஞ்சம் வாம்மா." போவேன். என்மேல் சாய்ந்துகொள்வார்.