பம்ப் இருக்கோ?

இது நடந்த கதை. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை அல்ல. குகதாசனை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் நாளும் நேரமும் பிசகாமல் சொல்வான். 1993, டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. நடுச்சாமம் இல்லை, சுடலை இல்லை, நாய்கூட ஊளையிடவில்லை. லண்டனில் ஆட்கள் தேநீரும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் பின்னேரம். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பைன் காட்டுக்குள் ஒரு பின்னேரம் தனியாக சைக்கிள் ஓடிப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

குகதாசன் லண்டனுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம். வந்த புதிதில் தெரிந்த முகம் ஒன்றில்லை. தெற்கு லண்டன் சட்டனில் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்த கஸ்பர்தான் அவனைக் கூட்டிப்போய் வேலை எடுத்துக் கொடுத்து, தன் வீட்டு மேல்மாடிச் சின்ன அறையையும் கொடுத்தார். "முந்தி இருந்த பெடியன் போயிட்டான், நீ இரு" என்றார். அன்றிலிருந்து குகதாசனுக்குக் கஸ்பர் அண்ணை சொன்னதுதான் வேதம். கோர்ட்டில் கேட்டாலும் அவருக்காகக் கையைத் தூக்கியிருப்பான். அவ்வளவு நம்பிக்கை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் இரண்டு மவுண்டன் பைக் நின்றன. ஒன்று கஸ்பருடையது. மற்றது ஊதா நிறம், தூசி மூடியது. "கார் பூட் சேலில பழசா வாங்கினது" என்றார் கஸ்பர். குகதாசன் அதைத் துடைத்தான், செயினுக்கு எண்ணெய் விட்டான். சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பை. அதற்குள் மடித்த வரைபடம். லண்டனுக்கு வெளியே சரே பக்கத்துப் பற்றைவெளியும் பைன் காடும், பென்சிலால் கோடு போட்ட பாதைகளும். மேடு பள்ளம் இல்லாத மணல் நிலம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடின காலுக்கு அது போதாதா? "போவம் அண்ணை, போவம் அண்ணை" என்று ஆறு கிழமை நச்சரித்தான். கஸ்பர் ஆறு கிழமையும் ஏதோ சாட்டுச் சொன்னார். ஏழாவது கிழமை சாட்டு முடிந்துவிட்டது.

மத்தியானம் 1.15. சைக்கிள்களை வான் வண்டியில் ஏற்றும்போது கஸ்பரின் மனைவி டொலறஸ் வாசலில் நின்றாள். ஊதாச் சைக்கிளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்டா வாங்கோ" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று குகதாசன் யோசிக்கவில்லை. கஸ்பர் வான் கதவை இழுத்துச் சாத்தினார்.

2.05க்கு வானை நிறுத்தினார்கள். வேறு வாகனம் இல்லை. வெளியெங்கும் காய்ந்த பற்றை, அதற்கப்பால் பைன் மரங்கள், மரங்களுக்கிடையில் பனிமூட்டமாக மெல்லிய புகார். கஸ்பர் முன்னால், குகதாசன் பின்னால். மணலில் சில்லு சரசரவென்று ஓடியது. குகதாசனுக்குச் சிரிப்பு வந்தது. ஊரைவிட்டு வந்தபிறகு அன்றைக்குத்தான் முதல்முறை சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், சந்தோசமாக இருந்தான்.

2.20. பின்னால் ஒரு சத்தம்.

ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

காற்றுப் போகிறது என்று நினைத்து இறங்கினான். பின் ரயரை அமத்திப் பார்த்தான். கல்லுப் போல இருந்தது. விரலில் எச்சில் தொட்டு வால்வில் வைத்தான். குமிழி வரவில்லை. முன் ரயரும் அப்படியே. சரி, செயின் உரசுகிறதாக்கும் என்று ஏறினான்.

2.50. மறுபடியும்.

ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

இந்தமுறை ஏறியிருந்தபடியே நின்று கேட்டான். ஓட்டை விழுந்த ரியூப் ஒரே சீராகத்தான் இரையும். இது விட்டுவிட்டு வந்தது. ஒன்று நீளம், ஒன்று குறுக்கம். சைக்கிள் நின்ற பிறகும் வந்தது.

"அண்ணை! என்ரை சைக்கிளில ஏதோ இரையுது!"

முன்னால் போன கஸ்பர் பிரேக் பிடித்தார். திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது.

"உனக்கும் கேக்குதோ?" என்றார்.

உனக்கும் என்றால்? குகதாசன் கேட்க வாயெடுப்பதற்குள் கஸ்பர் மிதித்துவிட்டார். அவன் பின்னால் விரட்டினான். மூன்று பாதை சேரும் இடம். நடுவில் பட்டுப்போன ஒரு பைன் மரம். அங்கே கஸ்பர் நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. நேரம் 3.25.

"பாதை பிழைச்சுப்போச்சு. நான் முன்னுக்குப் பாத்திட்டு வாறன்."

"நானும் வாறனே அண்ணை."

"வேண்டாம். நில், வாறன்."

புகாருக்குள் போனார். சில்லுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

குகதாசன் நின்றான். அண்ணை நில் என்றால் நிற்க வேண்டியதுதானே. 3.40. கை விறைத்தது. 3.50. கூப்பிட்டான், பதில் இல்லை. 4.00. லண்டன் டிசம்பர் தெரியும்தானே... கண்மூடித் திறப்பதற்குள் பொழுது பட்டுவிட்டது. விழுந்து காலை உடைத்துவிட்டாரோ என்று கஸ்பருக்காகத்தான் பயந்தான். தனக்காக இல்லை. மடையன்.

4.10.

ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

சைக்கிளில் இருந்து வரவில்லை. பட்டமரத்துக்குப் பின்னால் இருந்து வந்தது.

"காத்து இல்லை..."

தமிழ்! குகதாசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சைக்கிள் ஓட வந்த எங்கடை ஆள் ஒருவர், சில்லுக்குக் காற்றுப் போய் நிற்கிறார் என்றே நினைத்தான்.

"ஆர் அண்ணை அது? பஞ்சரோ?"

"காத்து... இல்லை... பம்ப் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

சைக்கிளில் கொழுவியிருந்த பம்பைக் கழற்றினான். மரத்தை நோக்கி நீட்டினான். புகாருக்குள் இருந்து ஒரு கை வந்தது. பம்பைத் தொட்டது. தடவிப் பார்த்தது. அவன் விரல்களும் அந்தக் கையில் பட்டன.

ஈரம். ஐஸ்.

கை பம்பை எடுக்கவில்லை.

"இந்தப் பம்ப்... இல்லை..."

குகதாசன் பம்பைப் போட்டான். சைக்கிளில் பாய்ந்தான். எந்தப் பாதை என்று தெரியாது. மிதித்தான். பற்றை காலைக் கிழித்தது. மிதித்தான்.

ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

பின்னாலேயே வந்தது.

ஓடுகிற சத்தம் இல்லை. காலடி இல்லை. மூச்சு மட்டும்.

4.35. வெளிச்சம். தெரு. வான் நிறுத்திய இடம்.

வான் இல்லை.

எண்ணெய் சொட்டிய அடையாளம் மட்டும் மணலில் கிடந்தது. குகதாசன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பயம்கூடப் பின்னுக்குப் போய்விட்டது. அண்ணை பாதை பார்க்கப் போகவில்லை. அண்ணை ஓடிவிட்டார். ஓடிவிட்டான் என்றே இனிச் சொல்லலாம். அந்த இடத்தோடு குகதாசன் அவனுக்குக் கொடுத்த மரியாதையை விட்டுவிட்டான்.

தெருவோரம் ஒரு டெலிபோன் பெட்டி இருந்தது. நேரம் 4.52. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு காசைப் போட்டான். டொலறஸ் எடுத்தாள்.

"அக்கா, அண்ணை வந்திட்டாரோ?"

"வந்து பத்து நிமிசம். குளிக்கிறார். நீர் ட்ரெயினில வாறீர் எண்டவர்..." அவள் குரல் இறங்கியது. "அண்டைக்கும் இதைத்தான் சொன்னவர்."

"எண்டைக்கு அக்கா?"

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்:

"தம்பி, உமக்குப் பக்கத்தில ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. நான் தனிய."

"மூச்சுக் கேக்குது..."

குகதாசன் அசையவில்லை. பெட்டிக் கண்ணாடி உள்பக்கமாகப் புகார் பிடித்தது. ஒருமுறை அவன் மூச்சுக்கு. ஒருமுறை... அவன் மூச்சை அடக்கியிருந்தபோது.

ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

டொலறஸ் அழத் தொடங்கினாள். அவள் பேசியது குகதாசனோடு இல்லை.

"அருள்... பம்ப் இஞ்சை இருக்கு. மேசை லாச்சிக்குள்ளை இருக்கு, அப்பன்."

இரைச்சல் நின்றது.

காதோரம், ஆறுதலாக, ஒரு சொல்.

"வாறன்."

நாங்கள் விடைபெறும்போது சொல்கிற சொல்தானே. போய்விட்டான் என்று நினைத்தான் குகதாசன். பெட்டிக்குள் வேறு மூச்சு இல்லை. நேரம் 4.57.

ஊதாச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறி வந்தான். கஸ்பர் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. அடுத்தநாள் குகதாசன் பெட்டியோடு கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கூட்டாளியிடம் போய்விட்டான். ஏன் விட்டுவிட்டு ஓடினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு பொய் வரும் என்று தெரிந்திருந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு டொலறஸ் அவனைத் தேடி வந்தாள். அப்போதுதான் முழுதும் தெரியவந்தது.

அருட்பிரகாசம். அந்தச் சின்ன அறையில் முன்பு இருந்த பெடியன். ஊதாச் சைக்கிள் அவனுடையது. கடும் தொய்வுக்காரன், ஆஸ்துமா; மூச்சு இழுத்தால் வாயில் வைத்து அடிக்கிற மருந்தை எல்லோரையும் போலப் பம்ப் என்றுதான் சொல்வான். 1991 டிசம்பரில் அவனும் கஸ்பரும் அந்தக் காட்டுக்குப் போனார்கள். அவன் உடுப்பில் பொக்கற் இல்லை என்று பம்பைக் கஸ்பரின் ஜாக்கெட்டில் வைத்திருந்தான். கஸ்பருக்கு நாலரைக்கு ஷிப்ட். பின்னால் அருள் கூப்பிட்டான், காற்று இல்லை, பம்ப் இருக்கோ என்று. கஸ்பர் திரும்பிப் பார்க்காமலே "நில், வாறன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். அடுத்தநாள்தான் அருளைக் கண்டெடுத்தார்கள். பட்டமரத்தில் சாய்ந்தபடி இருந்தானாம்.

"தனியத்தான் போனவன் எண்டு பொலிசுக்குச் சொன்னார். நானும் ஓம் எண்டனான்" என்றாள் டொலறஸ். "சில்லுக்குத்தான் பம்ப் கேட்டவன் எண்டு நினைச்சாராம். எனக்கு அப்பிடித்தான் சொன்னவர். ஆனா பொலிஸ் சைக்கிளைக் கொண்டுவரேக்கை வாங்கி வைச்சது நான். ரெண்டு ரயரும் கல்லுப் போல இருந்தது, தம்பி. ஓடுற சைக்கிளுக்கு ஆர் பம்ப் கேப்பினம்?"

அந்த மருந்துப் பம்பை ஜாக்கெட்டில் இருந்து எடுத்து, செபமாலையோடு குசினி மேசை இழுப்பறை லாச்சிக்குள் இரண்டு வருடம் வைத்திருந்தாளாம். புதுப் பம்ப். நிறைய மருந்து.

அன்றைக்கு குகதாசனின் அழைப்பு முடிந்ததும் ரிசீவரை வைத்தாள். 4.58. குசினியில் லாச்சி இழுபட்டது. ஸ்ஸ்ஸ்... பிறகு நீளமாக, ஆசை தீர, ஒரு மூச்சு. கஸ்பர் தலை துவட்டியபடி படியில் வந்து நின்று, "ஆர் வந்தது?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து அதே நேரம், அதே படியில் நின்று, தினமும் அதையேதான் கேட்கிறானாம்.

டொலறஸ் கைப்பையில் இருந்து பம்பை எடுத்து குகதாசனின் கையில் வைத்தாள். அவன் குலுக்கிப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

பட்டமரத்தடியில் நின்று கஸ்பர் "வாறன்" என்று இரண்டு பேரிடம் சொன்னான். இரண்டு பேரிடமும் வரவில்லை.

அருள் ஒரேயொரு தடவைதான் சொன்னான்.