மூடியில் இருந்த துளை

ரப்பர் எண்ணெயின் நாற்றத்தை முதலில் குறை சொன்னவள் நான்தான்.

ஜப்பான்காரன் வந்தபின் பெட்ரோல் எங்கள் கண்ணில் படவில்லை. வாங்க ஆளில்லாமல் கிடந்த ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில்தான் கார்கள் ஓடின. கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய பழைய கறுப்புக் காரை அலுவலக வேலைக்கு ஓட்ட அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதில் ஏறினால் டயர் எரிகிற வாடை வரும். கைக்குழந்தையான என் மகன் உடனே கக்கிவிடுவான்.

"இந்த நாத்தத்துல பிள்ளையை எப்படிங்க கூட்டிப் போறது?" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காரைச் சுற்றி முகர்ந்து பார்த்தார். பின்புறம் எண்ணெய்த் தொட்டியின் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. வாடை அங்கிருந்துதான் வந்தது. அந்த நாட்களில் எங்களுக்கு எதற்கும் ரப்பர்தான் மருந்து. கூரை ஒழுகினாலும் வாளி ஓட்டையானாலும் ஒரு துண்டு ரப்பரை வெட்டி அடைப்போம். அவரும் ஒரு துண்டு வெட்டி மூடியின்மேல் பொருத்தி, சைக்கிள் டியூபால் இறுகக் கட்டினார். நாற்றம் நின்றது. எனக்காகச் செய்தார் என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. இதை அவரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று பால் எங்கே ஊறும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என்னைவிடக் குறைவாகச் சாப்பிட்ட, கூலிக்காரர் லயத்துப் பெண்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டுதானே இருந்தார்கள்? பள்ளிக்கூடத்தில் உடல்நலப் பாடமெல்லாம் படித்த எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் ஏதோ தவறாகச் செய்கிறேன் என்றே தோன்றியது. போருக்கு முன் வாங்கிய கண்ணாடிப் பால் புட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, முந்தானைக்குள் வைத்துத்தான் புகட்டுவேன். பார்ப்பவர்கள் தாய்ப்பால் என்று நினைக்கட்டும்.

தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் பால் டின் கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். குழந்தையை நேரில் காட்ட வேண்டும், மதியத்துக்குள் போக வேண்டும், தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான். என் மகனுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. ஈப்போவுக்கு அலுவலக வேலை வந்த நாளில் என் கணவர் எங்களையும் ஏற்றிக்கொண்டார்.

புறப்பட்டுச் சிறிது தூரத்திலேயே கார் இருமி நின்றது. அவர் இறங்கி முன்மூடியைத் திறந்து, எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாய்வைத்து ஊதினார். "ரப்பர் எண்ணெய்லா, கசடு அடைச்சிருக்கும்" என்றார். மாட்டியதும் கார் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி ஊதினார். அவர் உதடெல்லாம் கறுத்துவிட்டது.

வழியில் செமோர் ஊரை நெருங்கும் ஏற்றத்தில் நின்றபோது அவருக்கு ஊதவும் தெம்பில்லை. கிழங்குக் கூடைகளோடு பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் சிலர் வந்தார்கள். சாக்கைத் தைத்து உடுத்தியிருந்தார்கள். அவர் கேட்டதும் கூடைகளை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளினார்கள். நான் இறங்கப் போனேன். "பிள்ளையோட வெயில்ல எறங்காதீங்கம்மா" என்று ஒருத்தி தடுத்தாள். நான் நல்ல சேலையில் உள்ளே உட்கார்ந்திருக்க, அவர்கள் மூச்சிரைக்கத் தள்ளினார்கள்.

"எங்க வீட்டு ஆளு சயாம்ல ரயிலுக்குத் தண்டவாளம் தூக்குது. நான் இங்க காரு தள்ளுறேன். நல்ல குடும்பம்லா!" என்றாள் அவள். மற்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரன் பிடித்துப் போனபோது, கிராணி என்பதால் அவரைச் சயாமுக்கு அனுப்பவில்லை. நான் குனிந்து குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

கார் கிளம்பவில்லை. குழந்தை அழுதான். முந்தானைக்குள் புட்டியை வைத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தவன் மறுபடி வீறிட்டான். அது வழக்கம்தான். அந்தப் புட்டி படகு போல இருக்கும். ஒரு முனையில் காம்பு, மறுமுனையில் காற்றுப் போகத் துளையுள்ள ஒரு ரப்பர் மூடி. அந்த மூடி நைந்துபோனதால் நானே ஒரு ரப்பர் துண்டை வைத்துக் கட்டியிருந்தேன். கொஞ்சம் குடித்ததும் காம்பு ஒட்டிக்கொள்ளும், கஞ்சி வராது. நகத்தால் பின்பக்க ஓரத்தைத் தூக்கினால் குமிழ் விட்டுக்கொண்டு மறுபடி இறங்கும். அப்போதும் அப்படித்தான் தூக்கினேன். குமிழ் ஏறியது. அவன் குடித்தான்.

காரும் இப்படித்தானே, கொஞ்சம் ஓடி நிற்கிறது. ஊதினால் ஓடுகிறது. ஊதியபோது கசடு போகவில்லை, தொட்டிக்குள் காற்றுதான் போயிருக்கிறது.

சொல்லலாமா? தவறாக இருந்தால் பெண்கள் முன்னால் அவருக்கும் அவமானம், எனக்கும் அவமானம். சரியாக இருந்தால் அவருக்கு மட்டும் அவமானம். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, தொட்டி மூடியில கட்டுன அந்த ரப்பரை எடுத்துட்டுப் பாருங்களேன்."

"காரைப் பத்தி உனக்கென்ன தெரியும்? சும்மா இரு."

வாயால் விளக்க எனக்கு வரவில்லை. புட்டியை முந்தானையிலிருந்து வெளியே எடுத்து நீட்டினேன். பின்முனையை அழுத்திக் காட்டினேன், தூக்கிக் காட்டினேன். அவர் புட்டியைப் பார்த்தார். பெண்களும் பார்த்தார்கள்.

"தாய்ப்பால் இல்லியாம்மா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். அதுவரை இருந்த கேலி அந்தக் குரலில் இல்லை. கேலியாகவே கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பின்னால் போய் டியூபை அவிழ்த்தார். மூடியைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று நீண்ட மூச்சு உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. கார் கிளம்பியது.

"மொதல்லயே புட்டியைக் காட்டியிருந்தா எங்க முதுகு தப்பிச்சிருக்கும்லா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

ஈப்போ வரை நாற்றம் வண்டியை நிறைத்தது. குழந்தை குடித்ததையெல்லாம் கக்கினான். நான் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வரிசை முடியும் நேரம். மேசைக்குப் பின்னாலிருந்தவர் கேட்பதற்கு முன்பே புட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு டின் கொடுத்தார்.

திரும்பும்போது கார் எங்கும் நிற்கவில்லை. அதே ஏற்றத்துக்குக் கீழே அந்தப் பெண்கள் மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கவனிக்காத ஒன்றை அப்போது பார்த்தேன். பேசிய பெண்ணின் கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில், என் மகன் வயதுக் குழந்தை ஒன்று சாக்கில் படுத்திருந்தது. காலையில் தள்ளும்போது அதை எங்கே விட்டிருந்தாள்?

"இப்பத் தள்ள வேணாமா கிராணியம்மா?" என்று கையை ஆட்டினாள்.

நானும் கையை ஆட்டினேன். மறுகையால் பால் டின்னை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டேன்.