ஒன்பது மில்லிமீட்டர் மிச்சம்

இரும்புத் தொட்டி செய்கிற அந்த மனிதருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘ஏழுக்கு இருபத்திரண்டு’. வட்டத்தின் குறுக்களவு ஏழு என்றால் சுற்றளவு இருபத்திரண்டு. பள்ளியில் பிரம்படி வாங்கி மண்டையில் ஏறிய ஒரே பாடம் அதுதான். அதை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் தகடு வெட்டி, வளைத்து, பிழைத்தும்விட்டார். மகராசன், பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதிவேறு வைத்திருந்தார்.

பற்றவைப்பது மச்சினன், மனைவியின் தம்பி. அடித்தட்டைச் சுற்றி வரும் தகடு, முனை சேரும் இடத்தில் எப்போதும் ஒரு நூல் மிஞ்சும். “இழுத்துப் பிடிக்கத் துப்பில்லாத கை” என்று இவர் கத்துவார். அவன் மிஞ்சியதைத் தேய்த்துத் தள்ளிவிட்டு வாய் திறக்காமல் பற்றவைப்பான். ஒரு சொட்டுக் கசியாது.

இந்த முறை வந்தது ஏழு மீட்டர் குறுக்களவுத் தொட்டி. இருபத்திரண்டு மீட்டர் தகடு வெட்டினார். ஒன்பது மில்லிமீட்டர் மிஞ்சியது. ஆர்டர் கொடுத்தவர்கள் நாலு பேர் நிற்க, மச்சினனைக் கிழிகிழியென்று கிழித்தார். அவன் கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

“வேற ஆளைப் பாருங்க அத்தான்.”

போயேவிட்டான். வீட்டில் மனைவி சோற்றை வைத்தாள், பேச்சை வைக்கவில்லை. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மகளோ, விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். பை எந்தப் பின்னத்திலும் அடங்காது, மாமா மேல் தப்பே இல்லை என்றாள். இவர் தன் சாப்பாட்டுப் பையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பை இல்லை, வட்டத்துப் பை என்று விளக்க வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு சரியில்லையென்றால் சரியான பின்னத்தைச் சொல் என்று ஒற்றைக்காலில் நின்றார். முந்நூற்று ஐம்பத்தைந்தை நூற்றுப்பதிமூன்றால் வகுத்தால் தொட்டிக்குத் தாராளமாகப் போதும், ஆனால் அதுவும் அச்சு அசலாகப் பை ஆகாது என்றாள். உலகத்தில் இத்தனை எண் கிடக்கிறது, ஒன்றுமா பொருந்தாது என்று எகிறினார்.

“பை ஒரு பின்னம்னு ஒத்துக்கிட்டா, கணக்கு போகப் போக ஒரு முழு எண் வருதுப்பா. அது பூஜ்யத்தைவிடப் பெருசு, ஒண்ணைவிடச் சின்னது. அப்படி ஒரு முழு எண் இருக்கா?”

விரல்விட்டுப் பார்த்தார். முதல் விரலிலேயே நின்றுவிட்டது.

“ஏதும்மா அப்படி?”

“அப்ப ஒத்துக்கிட்டதே தப்புதானே?”

முப்பது வருஷத் திட்டும் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றி மச்சினன் வீட்டுக்குப் போனார். பாவம், பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

“உன் கை சரிடா. என் கணக்குதான் தப்பு.”

மச்சினன் நாற்காலியைவிட்டு அசையவில்லை. அக்காவுக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னார். மனைவி, இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றாள். மூன்றாவது தடவை பாதி சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

“போதும் அத்தான்” என்று எழுந்தான் மச்சினன். “எனக்கு முதல் தொட்டியிலயே தெரியும். நீங்களே சொல்லணும்னுதான் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்.”