மூன்று மென்பொருளும் ஒரே கேள்வியும்

என் கேபிளில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், தகவல் போகாது என்று தெரியாமல் ஒரு வாரமாக மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று பாப்பிரெட்டிப்பட்டி செல்போன் கடையில் டேட்டா கேபிள் கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். கையிலிருந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டை, அந்தக் குட்டிக் கணினியைக் காட்டி, கம்ப்யூட்டரில் எழுதும் புரோகிராமை இதில் ஏற்ற என்றேன்.

"ஏத்துனா என்னங்க பண்ணும்?"

"இப்போதைக்கு இந்தச் சின்ன லைட்டு மின்னும்ங்க."

அவர் கடை வாசலில் மின்னிக்கொண்டிருந்த சீரியல் லைட்டை ஒரு முறை பார்த்தார். "சரிங்க. சாப்டீங்களா?" என்றார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மகளின் படிப்புக்காக அவளும் மனைவியும் ஓசூருக்குப் போன பிறகு சாப்பாட்டு மேசைதான் என் ஆய்வுக்கூடம். போர்டுக்குப் புரோகிராம் எழுதும் மூன்று மென்பொருள்களில் எது நல்லது என்று பார்க்க வேண்டும். போர்டு ஐந்து நொடிக்கு ஒரு முறை ஒரு வரி அனுப்பும், அது திரையில் சரியாகத் தெரிய வேண்டும். என்ன வரி என்று யோசித்து, கடைக்காரர் கேட்டதையே போட்டேன்.

முதலாவதில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாவதில் வெறும் கேள்விக்குறிகள். மூன்றாவதில் எழுத்துப் பிசகாமல் வந்தது: சாப்டீங்களா?

ஐந்து நொடியில் மறுபடியும்: சாப்டீங்களா?

சோதனை முடிந்தும் கேபிளைப் பிடுங்க மனம் வரவில்லை. "இன்னும் இல்லைங்க" என்று தட்டி அனுப்பினேன். பதிலைப் படிக்க அந்தப் போர்டுக்கு நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. அது திரும்பவும் கேட்டது.

ஆகவே என் ஓட்டு மூன்றாவதுக்கு. நீங்கள் எதில் எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். சாப்பிட்டீர்களா என்பதையும்.